இடது கை அக்காவுடையது

மாப்பிள்ளையின் பெரியப்பா இன்னும் பேசுகிறார். கையில் கிடைத்த மைக்கைத் தானாகக் கீழே வைத்த பெரியப்பா எந்தக் கல்யாணத்திலும் இருந்ததில்லை, இவர் மட்டும் என்ன விதிவிலக்கா, பேசட்டும், இன்னும் கொஞ்சம் பேசட்டும். அவர் முடித்தால் கேக் வெட்டுவார்கள், கேக் வெட்டினால் நாங்கள் வாசிக்க வேண்டும், வாசித்தால் நடுவில் அந்த வேகமான ஓட்டம் வரும், ஓட்டம் வந்தால் கிட்டார்க் கம்பியை அடிக்கிற என் பிக் போய் அந்த இடத்தில் நிற்கும். நேற்று ரிகர்சலில் நின்றது. முந்தின நாளும் நின்றது. இப்போதும் மேடை ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் வராதபடி இடது உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அடித்துப் பார்க்கிறேன், கீழே, மேலே, கீழே, மேலே, கம்பி மாறுகிற இடத்தில், இதோ, நிற்கிறது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற ஜனத்துக்கு அது தெரியப்போவதில்லை. கீபோர்டுக்குப் பின்னால் இருக்கிற டைட்டஸ் அண்ணனுக்குத் தெரியும், எங்கள் குழுவுக்குத் தலைவர் அவர், கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருப்பார், காது மட்டும் தூங்காது. "மக்ளே, பிக்கு லேட்டாட்டு வருது கேட்டியா. அடிச்சு முடிச்ச உடனே அது அடுத்த கம்பியில போயி உக்காந்திருக்கணும். அடிச்சிட்டு வெளிய போயி காத்து வாங்கிட்டு வரப்படாது. ஒரு அடி முடியுற இடந்தான் அடுத்த அடிக்குத் தொடக்கம்." நேற்றுச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, "நாளைக்கும் வரலன்னா அந்த ஓட்டத்த நான் கீபோர்டுல எடுத்துக்கிடுகேன், நீ வருத்தப்படப்படாது" என்றார். வருத்தப்படக் கூடாதாம். அண்ணனே, என் பிக் காற்று வாங்கப் போகவில்லை. அது காத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு தகவல் வரவேண்டும், வந்தால்தான் கம்பியில் உட்காரும், அந்தத் தகவல் எங்கிருந்து வரவேண்டும் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அங்கிருந்துதான். மூன்றாவது வரிசை, கத்தரிப்பூ நிறப் பட்டு, தலையில் மல்லிகைப்பூ கொஞ்சம் அதிகம், பக்கத்தில் ராபின்சன் அத்தான், அத்தானின் தோளில் தூங்கிப்போன அவர்கள் பிள்ளை. வினோலியா, என் அக்கா. இந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை அத்தானுக்குச் சித்தப்பா மகன், மைக்கை விடாமல் நிற்கிற பெரியப்பா அக்காவுக்கு மாமனார், அதனால்தான் அவள் இன்னும் எழுந்து போகவில்லை. மாமனார் பேசும்போது எந்த மருமகளும் பந்திக்குப் போக முடியாது. கிழவனார் வாழ்க. அவர் முடித்த மறுநிமிடம் அத்தான் எழுந்துவிடுவார், முதல் பந்தியை விட்டதாக அவருக்குச் சரித்திரமே கிடையாது, பிரியாணி வாசனை பின்வாசல் வழியாக வரத் தொடங்கிவிட்டது, அத்தானின் கழுத்து ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. போகாதே அக்கா. கேக் வெட்டி முடிகிற வரைக்கும் இரு. நாங்கள் என்ன வாசிக்கப்போகிறோம் என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. அந்த ஓட்டம் நம்முடையது. டைட்டஸ் அண்ணனுக்குப் பிடித்துப்போய்க் கேக் வெட்டுகிற இசைக்கு நடுவில் அதை வைத்துவிட்டார், நீ கேட்கும்போது உன் இடது கை மடியில் இருக்கும், இப்போது இருக்கிற மாதிரியே, மோதிரத்தோடு, விரல்கள் கொஞ்சம் மடங்கி. அந்த விரல்கள் அசைகிறதா என்று நான் இங்கிருந்து பார்ப்பேன். அசைந்தால் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அசையாவிட்டால். அசையாவிட்டால் என்ன, ஒன்றும் இல்லை, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். பொய். அசையாவிட்டால் இத்தனை வருஷமாக அந்த இடத்தை நான் ஒருத்தி மட்டும் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று ஆகும், அதை என்னால் தாங்க முடியாது.

"குடும்பம்னா என்ன?" என்று பெரியப்பா கேட்கிறார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, அவரே சொல்லுவார் போல. குடும்பம் என்றால் ஒரு பலாப்பழத்துக்குக் கையைத் தூக்கி ஒரு கிட்டாரோடு வீட்டுக்கு வருவது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்றைக்கு அவரவர் விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள், வாழைக்குலை, சேனை, கோழி, தேங்காய். அந்த வருஷம் யாரோ ஒருவர், விளைய வைக்கத் துண்டு நிலம்கூட இல்லாதவர், தன் கிட்டாரைப் படைத்துவிட்டார். அப்பாவுக்குக் கண் எல்லாம் பலாப்பழத்தின் மேல். அது சுளை கெட்டியான வருக்கையா, குழைந்துபோகிற கூழனா என்று பக்கத்தில் நின்றவரோடு வாதம் முற்றி, மேசையைத் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார், ஏலம் பலாவைத் தாண்டிக் கிட்டாருக்கு வந்தது அவருக்குத் தெரியாது. "ஆண்டவருக்கு வச்ச காணிக்கைய வேண்டாம்னு சொல்லப்படாது பாத்துக்கிடுங்க" என்று கோயில் கமிட்டிக்காரர் அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள், "இத வேக வச்சா திங்க முடியுமா?" நானும் அக்காவும் அதற்குள் பாய்ந்துவிட்டோம். அவள் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தாள், நான் அதன் வயிற்றைப் பிடித்தேன், இரண்டு பேரும் விடவில்லை, கத்தல், கடி, என் பல் அவள் முழங்கையில் பதிந்தது. அம்மா அகப்பையோடு வந்து நின்று தீர்ப்புச் சொன்னாள். "பிடிச்ச இடத்திலயே ரெண்டு பேரும் பிடிச்சுக்கிடுங்க. விட்டவளுக்குக் கிடையாது." நாங்கள் விடவில்லை. அதனால் கிட்டாரின் கழுத்து அக்காவுக்கு, வயிறு எனக்கு. எந்த நோட்டில் எந்த விரல் என்பது அவள் பாடு, கம்பியை அடிப்பது என் பாடு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாக வாசித்தோம். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் எங்களைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

ஒட்டித்தான் உட்கார வேண்டும். அவள் எனக்கு இடது பக்கம், அவளுடைய வலது கை என் முதுகைச் சுற்றி வந்து இடுப்பில் இருக்கும், வேலையில்லாத என் இடது கை அவள் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும், தேங்காயெண்ணெய், சந்திரிகா சோப்பு, அவள் மூச்சு. கிட்டாரின் வயிறு என் தொடையில். அவள் ஒரு விரலை வைத்து அழுத்தினால் அது மரத்தின் வழியாக என் தொடைக்கு வரும், சத்தம் பிறப்பதற்கு முன்னாலேயே வந்துவிடும், மெதுவாக, உள்ளுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. அது வந்த உடனே என் பிக் கம்பியில் உட்காரும். அடிப்பேன். அடுத்தது வந்திருக்கும். உட்காரும். அடிப்பேன். வேகம் கூடக் கூட அவள் எனக்காக முன்னால் போனாள், எனக்குத் தகவல் வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவு முன்னால், எப்போதும் ஒரு அடி முன்னால், ஒரு நாளும் பிசகியதில்லை. ஒரு சனிக்கிழமை அடுக்களைக்குள் புகுந்த கோழியை அம்மா விரட்டிக்கொண்டு ஓடினாள், நாங்கள் அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி வாசித்தோம், கோழி வெளியே போய்விட்டது, நாங்கள் நிறுத்தவில்லை, அப்படித்தான் அது உண்டானது, அதற்குப் பெயர் கோழி விரட்டு. டைட்டஸ் அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவருக்கு அது என் பெயரில் 'ஷெர்லி பிட்'. ஷெர்லி அதில் பாதிதான் அண்ணனே.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, அத்தானுக்கு ராய்ப்பூரில் வேலை. வண்டி ஏறுவதற்கு முன்னால் கட்டில் மேல் கிடந்த கிட்டாரைப் பார்த்து, "நீ வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான். ஒரு பழைய தாவணியைக் கொடுக்கிற மாதிரி. விட்டவளுக்குக் கிடையாது என்று எனக்கு அப்போது அம்மாவின் குரலில் கேட்டது, ஆனால் அவள் விட்டதும் எனக்கும் அல்லவா இல்லாமல் போயிற்று. என் இடது கைக்கு அதுவரைக்கும் தெரிந்த ஒரே வேலை பின்னலைப் பிடிப்பது. அதற்கு நான் அழுது அழுது கற்றுக்கொடுத்தேன், விரல் நுனி காய்த்துப் போயிற்று, டைட்டஸ் அண்ணன் வந்து "தனியாட்டு வாசிப்பியா" என்று கேட்டபோது "வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். வாசிக்கிறேன். மெதுவான பாட்டெல்லாம் வாசிக்கிறேன், கல்யாணம் கல்யாணமாகப் போகிறேன், ஆனால் வேகம் வந்தால் என் வலது கை என் இடது கையை நம்பமாட்டேன் என்கிறது. அக்கா முன்னால் போய் அழுத்துவாள், தொடையில் தட்டுவாள் என்று நிற்கிறது. தட்ட ஆள் இல்லை. பிறகு என் விரலே அழுத்தி, அது தெரிந்து, பிக் உட்கார்ந்து, அதற்குள் தாளம் தாண்டிவிடும். அந்தக் கண்ணிமைப்பில்தான் அக்கா இருக்கிறாள். அதை எடுத்துவிட்டால் வேகம் வரும், எனக்கும் தெரியும், அதை எடுக்க எனக்கு மனசு இல்லை. எனக்கு அவள் வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோம், அங்கே குளிரில் மாவு புளிக்கவில்லை, பிள்ளைக்குச் சளி, அத்தானுக்குத் தொப்பை போடுகிறது, அம்மா மாத்திரை போட்டாளா. கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் நானே போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கோழி விரட்டை வாசித்தேன், நின்று நின்றுதான், ஆனாலும் வாசித்தேன். அக்கா கேட்டாள், "என்ன சத்தம், மிக்ஸி ஓடுதா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மிக்ஸி. தேங்காய் அரைக்கிறேன் அக்கா. அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றைக்குக் காலையில் கோயில் வாசலில் பார்த்தேன், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், "மெலிஞ்சு போயிட்டியேட்டி" என்றாள், கன்னத்தைக் கிள்ளினாள், எல்லாம் சரிதான், அதற்குப் பிறகு என் தோளில் தொங்கிய கிட்டார்ப் பையைக் கையால் தள்ளி, "பை இடிக்குது, அங்கோட்டுத் தள்ளிப் பிடி" என்றாள். யாருடைய குடையோ இடித்த மாதிரி. மிக்ஸி ஓடுதா. அங்கோட்டுத் தள்ளிப் பிடி. போதும், கையில் வேர்வை, பிக் வழுக்குகிறது, பாவாடையில் துடைத்துக்கொள்ள வேண்டும்.

கை தட்டுகிறார்கள். ஏன் தட்டுகிறார்கள், ஐயோ, முடித்துவிட்டார், பாவி மனுஷன், பேசு என்று சொன்னால் முடித்துவிட்டார். அத்தான் எழுந்துவிட்டார். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அக்காவிடம் ஏதோ சொல்லுகிறார், வாசலைக் காட்டுகிறார், அக்கா தலையை ஆட்டுகிறாள், ஆட்டுவது சரி என்றா வேண்டாம் என்றா, பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைப் பிடித்துவிட்டார்கள், டைட்டஸ் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார், தொடங்கியாயிற்று. மெதுவான பகுதி, இதற்கு நான் வேண்டியதில்லை, கை தானே வாசிக்கும். அத்தான் மட்டும் போகிறார். அக்கா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்துவிட்டாள்! இனி மடியைப் பார்த்தால் போதும், இடது கை மடியில், மோதிரம் மின்னுகிறது, ஓட்டத்துக்கு இன்னும் ஒரு சுற்று இருக்கிறது, பைக்குள் கையை விடுகிறாள், என்ன தேடுகிறாள், போன். போனை எடுக்கிறாள். குறுக்காகப் பிடித்து, இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேரே உயர்த்துகிறாள். எல்லாரையும் போல வீடியோ எடுக்கிறாள். இடது கை போனில், வலது கை போனில், முகம் போனுக்குப் பின்னால், எனக்குத் தெரிவது ஒரு கறுப்புச் சதுரமும் அதற்கு மேலே மல்லிகைப்பூவும். அவ்வளவுதானா அக்கா. பார்க்க வந்தவளாகத்தான் வந்திருக்கிறாயா. டைட்டஸ் அண்ணனின் வலது கை கீபோர்டில் தயாராக ஏறுவது ஓரக்கண்ணில் தெரிகிறது, நான் நின்றால் அவர் எடுத்துக்கொள்வார், கெட்ட எண்ணம் இல்லை, கல்யாண வீடு. சரி. தகவல் வராது. தட்ட ஆள் இல்லை, மூன்றாவது வரிசையில் ஒரு போன் இருக்கிறது, அவ்வளவுதான், சரி, போ. கீழே. அடித்த அடி முடிந்த இடத்திலேயே பிக் உட்கார்ந்துவிட்டது. மேலே. உட்கார்ந்துவிட்டது. கம்பி மாறுகிற இடம் வருகிறது, வந்துவிட்டது, பிக் எனக்கு முன்னால் அங்கே இருக்கிறது, யாரையும் கேட்காமல், எதற்கும் நிற்காமல், கீழே மேலே கீழே மேலே, அம்மா அகப்பையோடு ஓடுகிறாள், கோழி கொல்லை வாசலைத் தாண்டுகிறது, முடிந்தது. டைட்டஸ் அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கேக்கை ஊட்டிக்கொள்கிறார்கள், கைதட்டல் அதற்கு. எனக்கு அழுகையாக வருகிறது. வேகம் வந்துவிட்டது, இவ்வளவு சுலபம்தானா, இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரே மூச்சில் கடந்துவிட்டேன், இனி இது எப்போது வாசித்தாலும் வரும், அந்தக் கண்ணிமைப்பு இனி இல்லை.

மண்டபம் பந்திக்குப் பாய்ந்து காலியாகிவிட்டது. நான் கம்பிகளைத் துணியால் துடைக்கிறேன், ஒரு தடவை துடைத்ததையே திரும்பத் துடைக்கிறேன். பட்டுச்சேலை சரசரக்கிறது. அக்கா மேடைப் படி ஏறி வருகிறாள், முகம் சரியில்லை.

"ஏட்டி, ஒரு காரியம் நடந்து போச்சு. அம்மாவுக்கு அனுப்பலாம்னு வீடியோ எடுத்தேன். கெட்டுப் போச்சு."

"என்ன கெட்டுப் போச்சு?"

"ஆடிட்டு. முதல்ல எல்லாம் நல்லாதான் வந்திருக்கு. நீ வேகமா வாசிக்க இடத்தில மட்டும் ஒரே ஆட்டம். இந்தப் போனு சரியில்லட்டி, அத்தான்ட்ட அப்பமே சொன்னேன்."

பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காட்டுகிறாள். சின்னத் திரையில் நான், மெதுவான பகுதி, படம் அசையாமல் நிற்கிறது, அக்காவுக்குக் கை உறுதி. ஓட்டம் தொடங்குகிறது. படம் துடிக்கிறது. ஆடவில்லை, துடிக்கிறது, சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. நான் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறேன், மறுபடியும் போடச் சொல்கிறேன். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு அடி. முதலில் துடிப்பு, பிறகு சத்தம். துடிப்பு, சத்தம். கம்பி மாறுகிற இடத்தில் படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அந்த இடத்தில் இடது கை கிட்டாரின் கழுத்தில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் இறங்க வேண்டுமோ அந்தப் பக்கம். நான் திரையை விட்டுவிட்டு அவள் இடது கையைப் பார்க்கிறேன். போனின் பின்னால் மறைவாக நான்கு விரல்கள், மோதிரத்தோடு, இப்போதும், வீடியோ ஓட ஓட, போனின் முதுகில் ஒவ்வொன்றாக அழுத்துகின்றன. அவளுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, போனைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள், விரல்கள் தம் பாட்டுக்கு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கின்றன. நான் யாரையும் கேட்காமல் வாசித்தேன் என்று நினைத்தேனே. எனக்கு இனி எதுவும் நிச்சயமில்லை.

"பாத்தியா, எப்பிடி ஆடுது. அழிச்சிரட்டா? இன்னொருக்கா வாசி, நான் ஒழுங்காப் பிடிக்கேன்."

"அழிக்காத."

"இத யாருட்டி பாப்பா?"

"நான் பாப்பேன். எனக்கு அனுப்பு. இப்பமே அனுப்பு."

"ஆடுதேட்டி."

"ஆடட்டும்கா."

"பைத்தியம்" என்று சொல்லி, இடது கையாலேயே அனுப்புகிறாள்.